இரண்டு பேர் உட்காரும் கார்

ஆக்ஸ்போர்டுக்குப் போகிறவர்கள் கல்லூரிகளைப் பார்ப்பார்கள். பழைய நூலகங்களைப் பார்ப்பார்கள். தேம்ஸ் நதியில் படகு விடும் மாணவர்களைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து அதைப் பற்றி எழுதுவார்கள். நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் பார்த்தது ஒரு மோட்டார் காரின் அடிவயிற்றை. அதற்கு என் மாமாதான் காரணம்.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். எலும்பு வைத்தியர். 1974-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்தவர். ஆக்ஸ்போர்டின் ஓரத்தில் ஹெடிங்டன் பகுதியில் வீடு வாங்கி, உத்தியோகத்திலிருந்து ஓய்வும் பெற்று, இப்போது 79-ஆவது வயதில் தோட்டத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருக்கிறார். அத்தைக்கு 74. பிள்ளைகள் இருவரும் வேறு வேறு தேசங்களில் இருக்கிறார்கள். வீட்டில் மூன்றாவது நபர் என்று சொல்லக்கூடியது அந்தக் கார் ஒன்றுதான்.

1971-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், துணிக் கூரை, தரையோடு படுத்திருக்கும் உடம்பு. உள்ளே இரண்டே ஆசனம். மாமா அதை 1980-இல் பழைய காராகத்தான் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கார் வெகு பிரசித்தம். அந்த நாளில் அத்தை அனுப்பிய போட்டோ ஒன்று பாட்டியின் பூஜை அலமாரியில், சுவாமி படங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கூரையை மடக்கிவிட்ட காரில் பட்டுப் புடவையும் தலையில் ஸ்கார்புமாக அத்தை. பக்கத்தில் கருகருவென்ற மீசையுடன் மாமா. "இவ்வளவு சின்னக் காரா? மாப்பிள்ளைக்குப் பணமுடையோ?" என்று பாட்டி கவலைப்பட்டாளாம்.

"அபிங்டன் வரைக்கும் போயிட்டு வரலாம், வர்றியாம்மா? காருக்கு சைலன்ஸரும் ஷாக் அப்ஸார்பரும் மாத்தணும்" என்றார் மாமா, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

"அத்தையும் வரட்டுமே" என்றேன், ஆசனக் கணக்கை மறந்து.

"நீ போயிட்டு வா" என்றாள் அத்தை. "நான் அதுல ஏறி மூணு வருஷமாச்சு. ஏறினா தலைவலி, இறங்கினா இடுப்புவலி."

மாமா பதில் பேசவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போன வேகத்தைப் பார்த்தால், இந்தப் பேச்சு அந்த வீட்டுக்குப் புதிதல்ல என்று புரிந்தது.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கூரையை மூடிக்கொண்டு புறப்பட்டோம். அந்தக் காரில் ஏறுவது என்பது உண்மையில் இறங்குவதுதான். காலை நீட்டி, தலையைக் குனிந்து, கிணற்றுப் படியில் இறங்குகிற மாதிரி உள்ளே இறங்க வேண்டும். மாமா சாவியைத் திருப்பினார். ஒரு சத்தம் கேட்டது பாருங்கள்! தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல் ஆரம்பித்து, வேகம் கூடக் கூட ஒரே உறுமலாகிவிட்டது. மாமா வழிநெடுக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அவருடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

தெருக்களில் வேகத்தைக் குறைப்பதற்காக மேடு கட்டியிருந்தார்கள். நம் ஊர் வேகத்தடைகளுக்கு முன்னால் அவை ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு மேட்டையும் தாண்டிய பிறகும் கார் நாலு தடவை மேலும் கீழும் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தது. அபிங்டன் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே 6 மைலில் இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் என் நெற்றிப் பொட்டில் லேசாக ஒரு வலி. விமானத்தில் தூங்காத அலுப்பு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு சந்தில் இருந்தது மெக்கானிக்கின் பட்டறை. அறுபதைத் தாண்டியவர், வாய் சிறியது, கை பெரியது. அவருடைய தகப்பனார் அபிங்டன் தொழிற்சாலையில் இதே கார்களைப் பூட்டியவராம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. காரின் ஒரு மூலையில் இரண்டு கையையும் ஊன்றி முழுப் பலத்தோடு அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். ஷாக் அப்ஸார்பர் நன்றாக இருந்தால் அழுத்திய மூலை எழும்பி, ஒரு முறை தணிந்து, அப்படியே நின்றுவிட வேண்டும். மாமாவின் கார் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையாக ஆடிற்று. நாலு மூலையும் அப்படியே.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் புகை வரும் குழாயின் வாயைக் கனத்த துணியால் அடைத்துப் பிடித்தார். நல்ல சைலன்ஸராக இருந்தால் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணற வேண்டும். இது திணறவில்லை, தன் பாட்டுக்கு ஓடிற்று. காரின் நடு வயிற்றிலிருந்து, குக்கரில் ஆவி கசிகிற மாதிரி 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் காரை லிப்டில் உயர்த்தினார். கீழேயிருந்து பார்த்தால் சைலன்ஸரில் கோளாறு தெரியவில்லை. ஒரு சின்னக் கண்ணாடியை அதற்கு மேலே நுழைத்துக் காட்டினார். மேல்பக்கம் முழுவதும் துரு தின்று, வடை தட்டுகிற வாழையிலை கிழிந்தாற்போல் கிழிந்திருந்தது. அதற்கு நேர் மேலே காரின் தரையில் விரல் நுழைகிற துவாரம் ஒன்று. அதை மூடியிருக்க வேண்டிய ரப்பர் எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது.

மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத் தலை வலிக்கிறதா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். "ஆமாம், கொஞ்சம்."

"கூரையை மூடிக்கொண்டு வந்தீர்களே, அதனால்தான்" என்றார் அவர்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என் மனைவிக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வாசகிகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் எரிந்து வரும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்று ஒரு விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிவாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு; மூடிய இடத்தில் அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் காலத்துக் கார்களில் புகையை ஓரளவு சுத்தம் செய்து அனுப்பும் சாதனம் உண்டு. 1971-ஆம் வருஷத்துக் காரில் அது கிடையாது. எஞ்சினிலிருந்து புகைக்குழாய் இறங்குவதும் இடது பக்கமாக, அதாவது அத்தை உட்காரும் பக்கமாக. மாமா ஜன்னலைத் திறந்து முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். அத்தையோ குளிர் தாங்காமல் தன் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு உட்காருகிறவள்.

இத்தனை நாள் இதை எவரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் வருஷத்துக்கு ஒரு முறை காரைச் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். சைலன்ஸர், ஷாக் அப்ஸார்பர் எல்லாம் அந்தச் சோதனையில் அடக்கம். 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டிய பழைய கார்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். காரைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு சொந்தக்காரருடையது. மாமா அதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டு, அன்றோடு சோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சலுகை கிடைத்தது, காரின் அடியில் குனிந்து பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழிவரை மாமா ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவலின்னு ஒரு பேஷண்ட் வந்தா முதல்ல என்ன கேட்கணும்?" என்றார் திடீரென்று. "எப்போ வலிக்குது, எங்கே இருக்கும்போது வலிக்குதுன்னு கேட்கணும். நாற்பது வருஷம் ஊரையெல்லாம் கேட்டேன். இவளைக் கேட்கலை. காரே பிடிக்காமப் போயிடுச்சு போல, என்கூட வரவே இஷ்டமில்லை போலன்னு நினைச்சேன்."

நான் என்ன சொல்வது? பஸ் நல்ல வேளையாக ஒரு நிறுத்தத்தில் நின்றது.

வீட்டில் அத்தை சமையல் அறையில் இருந்தாள். மாமா தயங்கியதால் விஷயத்தை நானே சொன்னேன். விஷவாயு, துவாரம், கூரை எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "அப்போ எனக்கு வயசாகிப் போனதால இல்லையா?" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!

பிறகு நிதானமாகக் கோபம் வந்தது. "வெயில் நாள்ல கூரையைத் திறந்துட்டுப் போனா இவ்வளவு வலிக்கலைன்னு நான் சொன்னேனா இல்லையா? அதைக் காதுலயே போட்டுக்கலை. சரி, அடுத்த தடவை நானும் வரேன். இந்த வீட்டுக்குப் பாத்திரம் பண்டம் எல்லாம் நான்தான் பார்த்து வாங்கியிருக்கேன். சைலன்ஸரையும் நானே பார்க்கிறேன்."

இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் பஸ் ஏறினோம். வானம் வெளுத்திருந்தது. மெக்கானிக் மத்தியானம்தான் வரச் சொல்லியிருந்தார். எனவே ஊரைச் சுற்றிப் பார்க்க அவகாசம் கிடைத்தது.

அபிங்டன் அழகான ஊர். சந்தடி இல்லாமல் தேம்ஸ் ஓடுகிறது. மேலே ஒரு பழைய கல் பாலம். அரசர் எட்டாவது ஹென்றி 1538-இல் மூடிவிட்ட பெரிய மடாலயத்தில் மிஞ்சிய சில கட்டடங்கள் ஆற்றோரமாக நிற்கின்றன. கடைவீதிச் சதுக்கத்தின் நடுவே 1678-க்கும் 1682-க்கும் இடையில் கட்டிய உயரமான மண்டபம். கீழே தூண்களோடு திறந்த வெளி, மேலே மாடிகள். ராஜ குடும்பத்தில் முடிசூட்டு விழா, கல்யாணம் என்று ஏதாவது விசேஷம் வந்தால், ஊர்ப் பெரியவர்கள் இந்த மண்டபத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே கூடியிருக்கும் ஜனங்கள்மீது பன்களை வீசுவது வழக்கம். ஆம், தின்கிற பன்தான்! 1761-இல் மூன்றாம் ஜார்ஜ் முடிசூடியபோதே வீசியிருக்கிறார்கள். பழைய பன்களில் சிலவற்றைப் பத்திரப்படுத்தி மண்டபத்து மியூஸியத்தில் வைத்திருக்கிறார்கள். "நம்ம வீட்டுல ரெண்டு நாள் பழைய இட்லியை வெச்சிருந்தாக் கோவிச்சுக்குவார்" என்றாள் அத்தை என் காதில்.

அதே மியூஸியத்தில் ஓர் எம்.ஜி.பி. காரும் நிற்கிறது. அதைப் பார்த்ததும் மாமாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. எம்.ஜி. என்றதும் பக்கத்தில் ஓர் 'ஆர்' சேர்த்துப் படிக்கத் தோன்றும் நமக்கு. இது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் என்பவர் வைத்திருந்த மோட்டார் கடை அது. 1922-இல் அங்கே மானேஜரான ஸெஸில் கிம்பர், சாதாரண மாரிஸ் கார்களுக்குச் சிங்கார உடம்பு கட்டி விற்க ஆரம்பித்தார். அது வளர்ந்து, 1929-இல் அபிங்டனுக்கு, ஒரு தோல் தொழிற்சாலையை ஒட்டிய கட்டடத்துக்குக் குடிவந்தது. வேகமான கார்களைச் செய்த கிம்பர் 1945-இல் லண்டன் கிங்ஸ் கிராஸில் ரெயில் விபத்தில் இறந்தார். ஏற்றத்தில் ஏற முடியாமல் மெல்லப் பின்னுக்கு உருண்ட ரெயில் அது! விதியின் விளையாட்டைப் பாருங்கள்.

எம்.ஜி.பி. பிறந்தது 1962-இல். 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்தார்கள். பெரும்பாலானவை கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போயின. 1979 செப்டம்பரில், எம்.ஜி. அபிங்டனுக்கு வந்த 50-ஆம் ஆண்டு விழாவை ஊரே திரண்டு கொண்டாடி முடித்த கையோடு, தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது.

"அந்த வருஷம்தான் நான் இதை வாங்கினேன்" என்றார் மாமா. "இனிமே கிடைக்காதேன்னு ஒரு பயம்."

எஞ்சின் விஷயத்தில் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் தெருக்களில் ஓடிய அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறு பிறவிதானே? பல வருஷம் அதில் இருந்த 1489 சி.சி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே வம்சம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் மாமாவின் தகப்பனாரிடம் அம்பாஸடர் இருந்ததாம். "அந்தச் சத்தமே வேற. இது அதோட பாஷையைத்தான் பேசுது, கொஞ்சம் உரக்க" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பட்டறைக்குப் போனோம். வாசலில் எம்.ஜி.பி. கார்கள் மூன்று நின்றன. மூன்றுக்கும் மூன்று விதமான சைலன்ஸர். வாங்குகிற அம்மாள் கேட்டுப் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்று மெக்கானிக் ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் ஊர்ப் புடவைக் கடைக்காரர் தோற்றார் போங்கள்!

சைலன்ஸர் என்பது உள்ளே தடுப்புகளும் துளையிட்ட குழாய்களும் உள்ள ஒரு டப்பா. எஞ்சினிலிருந்து வெடித்து வரும் புகை இந்தத் தடுப்புகளில் மோதி, அறை அறையாகத் தங்கி, சத்தம் அடங்கி வெளியே வருகிறது. எம்.ஜி.பி.க்கு நடுவில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு டப்பாக்கள். இதற்கு வெளித் துருவைவிட உள் துருதான் எமன். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்று மெக்கானிக் சொன்னபோது நான் நம்பவில்லை. மாமா தலையை ஆட்டினார். நெடுந்தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சுட்டு, ஆவி வெளியே போய்விடும். ரொட்டி வாங்க மூன்று மைல் போய்த் திரும்பினால் குழாய் சூடேறுவதற்கு முன்பே வீடு வந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். மாமாவின் ஓட்டமெல்லாம் ரொட்டி ஓட்டம்தான்.

முதல் காரில் இருந்தது தொழிற்சாலையில் போட்ட அதே மாதிரியான சாதாரண இரும்பு சைலன்ஸர். மெக்கானிக் எஞ்சினைக் கிளப்பினார். கும்மென்று, கனமாக, மிருதுவான சத்தம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இதுதான்" என்றாள் மெதுவாக. "அந்தக் காலத்துல ராத்திரி இவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது தெருமுனையில கார் திரும்பும். இந்தச் சத்தம் கேட்கும். உடனே சாம்பாரை அடுப்புல ஏத்துவேன். இவர் கைகால் கழுவிட்டு வர்றதுக்கும் சாம்பார் கொதிக்கிறதுக்கும் சரியா இருக்கும்."

இரண்டாவது காரில் அகலமான குழாயும், பந்தயக்காரர்கள் விரும்பும் தடுப்பு குறைந்த சைலன்ஸரும். நாற்பது வருஷத்துக்கு முன் மாமா இதைத்தான் வாங்கியிருப்பார். இப்போதும் அவர் கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் பட்டறைப் பூனை ஓடிப்போய்விட்டது. "வாசல்ல ஆரோ சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு" என்று அத்தை ஒரே வார்த்தையில் அதைத் தள்ளினாள். உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு நாளாக ஆக எரிந்து போவதால், வயது ஏற ஏற இது இன்னும் கத்தும் என்றார் மெக்கானிக்.

மூன்றாவது எவர்சில்வர். இங்கே அதை ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். பழைய அளவிலேயே குழாய், உள்ளே தடுப்புகள், இரண்டு டப்பா. சத்தம் ஏறக்குறைய முதல் காரைப் போலத்தான். ஆனால் ஓரத்தில் ஒரு 'கிண்' இருந்தது. வெண்கலப் பானையில் தட்டுவதற்கும் எவர்சில்வர் அடுக்கில் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். விலையும் அதிகம்.

"இரும்பே போதும்" என்றார் மாமா. "இவளுக்கும் அந்தச் சத்தம்தானே பிடிச்சிருக்கு."

"எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டாள் அத்தை.

மெக்கானிக் யோசித்தார். குறுகிய ஓட்டத்துக்கு இரும்பு நாலைந்து வருஷம். நல்ல எவர்சில்வராக இருந்தால் காரை விற்கும்வரை பயமில்லை என்றார்.

"நாலஞ்சு வருஷம் எனக்குப் போதும்" என்றார் மாமா.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் பட்டறையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம். தமிழ் தெரியாத மெக்கானிக்கூட ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"எனக்குப் போதாது" என்றாள் அத்தை. "எவர்சில்வரே போடச் சொல்லுங்க."

ஷாக் அப்ஸார்பர் விஷயத்தில் இவ்வளவு வாதம் நடக்கவில்லை. ஆனால் அதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஷாக் அப்ஸார்பர் என்ற பெயரே பொருத்தமில்லையாம். பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இராமல் கையால் பிடித்து நிறுத்துவதுதான் இதன் வேலை. அது தளர்ந்துவிட்டால் கார் ஆடுவது மட்டுமில்லை. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், பிரேக் போட்டால் பிடிமானம் போகும்.

இந்தக் காலத்துக் கார்களில் இது நீளமான குழாய் வடிவத்தில் இருக்கும். எம்.ஜி.பி.யில் இருப்பது பழைய மாதிரி: எண்ணெய் நிரப்பிய ஒரு கனமான அலுமினியப் பெட்டி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கை. சக்கரம் எழும்பினால் கை திரும்பும். உள்ளே எண்ணெய் சிறு துவாரங்களில் பிழியப்பட்டு ஆட்டத்தை அடக்கும். முன் சக்கரங்களை மேலே பிடித்திருப்பதும் இந்தக் கைதான். அதனால் அதை வெறுமனே எடுத்து எறிய முடியாது.

மாமாவின் சிநேகிதர்கள் குழாய் மாதிரிக்கு மாறச் சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் மறுக்கவில்லை, வளைவுகளில் பறக்கிறவர்களுக்கு அது நல்லது என்றார். அப்புறம் அத்தையைப் பார்த்து, "இடுப்புவலி உங்களுக்குத்தானே?" என்றார். கெட்டியான குழாயைப் போட்டு ஒவ்வொரு கல்லையும் முதுகில் எண்ணுவதைவிட, பழைய மாதிரியையே புதுப்பித்து, பழைய மிருதுவிலேயே போடுவது மேல் என்பது அவர் கட்சி. எலும்பு வைத்தியர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

இங்கே பழசைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கிக்கொள்ளலாம். பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்குகிறோமே, அந்த மாதிரி. அதிலும் ஏமாற்று உண்டு. கை சுழலும் தண்டு தேய்ந்திருக்க, அதன் புஷ்ஷை மாற்றாமல் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றி, மேலே பெயின்ட் அடித்து விற்பார்கள். மூடி வளைந்த குக்கருக்குப் புது காஸ்கெட் போட்ட கதைதான். சில மாதத்தில் எண்ணெய் கசியும். மெக்கானிக் ஒன்றை இடுக்கியில் பூட்டி, அத்தையையே கையைப் பிடித்து ஆட்டச் சொன்னார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சீரான பாரம் தெரிய வேண்டும். நடுவில் எங்கேயும் காலியாக ஓடக்கூடாது. பக்கவாட்டில் லொடலொடக்கக் கூடாது. அத்தை ஆட்டிப் பார்த்தாள். "கெட்டி மாவுல கரண்டி போட்ட மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். அடுத்ததை எடுத்தாள். மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மெக்கானிக் அதை வாங்கித் தானும் ஆட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வேறொன்றைக் கொண்டுவந்தார்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் கோணும் என்பதால் நாலையும் மாற்றுவதென்று முடிவாயிற்று. தரைத் துவாரத்துக்குப் புது ரப்பரும், சைலன்ஸரைத் தொங்கவிடப் புது ரப்பர்களும் சேர்ந்தன. பில்லை மாமா என்னிடம் காட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, நான் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, காரை எடுத்து வரப் போனோம். மெக்கானிக் பழைய சைலன்ஸரை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார். உள்ளே தடுப்புகள் என்று சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடி துருத் தூள்தான் கொட்டிற்று. மாமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பது மைல் ஓடின பிறகு பட்டைகளின் போல்ட்டை ஒரு முறை இறுக்கிக்கொள்ள வேண்டும், திரும்பவும் வாருங்கள் என்றார் மெக்கானிக். கடைசியாகக் கூரையை மூடி, எஞ்சினை ஓடவிட்டு, விஷவாயுவைக் காட்டும் கருவியை அத்தையின் ஆசனத்தில் வைத்துப் பார்த்தார். எண் எழும்பவில்லை.

அத்தை கைப்பையிலிருந்து ஒரு ஸ்கார்பை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். போட்டோவில் இருந்த ஸ்கார்பேதானோ என்னவோ, நான் கேட்கவில்லை. மாமா கூரையை மடக்கினார். அத்தை ஒரு கையால் கதவையும் ஒரு கையால் மாமாவின் தோளையும் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். பிறகுதான் இருவருக்கும் என் நினைவு வந்தது.

"ஐயோ, நீ எப்படி வருவே?" என்றாள் அத்தை.

"பஸ் இருக்கு அத்தை" என்றேன்.

பஸ் நிறுத்தம் பட்டறைச் சந்துக்கு எதிரிலேயே இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகமேடு. கார் சந்திலிருந்து வெளிவந்து, அதன்மேல் ஏறி இறங்கிற்று. ஒரு முறை தணிந்தது, நின்றுவிட்டது. அத்தை திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். இந்தத் தடவை சத்தத்தை மீறி வார்த்தை என் காதில் விழுந்தது.

"சாம்பாரை நான் போய் வெச்சுடறேன்! நீ நிதானமா வா!"